முசியேவின் ஆயுளுக்கு நான் போட்ட விலை

ஒரு பங்கின் விலை ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்று இன்றைக்கு என்னைக் கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடுவேன். இரண்டாயிரத்து ஐந்தில் கேட்டிருந்தால் உங்களை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, அந்த டீ ஆறி ஏடு கட்டும்வரை விளக்கியிருப்பேன். ஒன்றுமே தெரியாமல் பேசுகிறவனைக்கூட ஊர் எப்படியாவது பொறுத்துக்கொள்ளும். அரைகுறையாகத் தெரிந்துகொண்டு பேசுகிறவன் இருக்கிறானே, அவனிடமிருந்து தப்புவது கஷ்டம். பாண்டிச்சேரியில் அந்த வருஷம் அப்படி ஒருவன் திரிந்தான் என்றால் அது நான்தான்.

பகலில் நேரு வீதியில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதினேன். சனி, ஞாயிறு சாயங்காலங்களில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் நடந்த வகுப்புக்குப் போனேன். பங்கு, கடன் பத்திரம் இவற்றுக்கெல்லாம் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு விலை கட்டுவது எப்படி, அதில் ரிஸ்க் எவ்வளவு என்று அளப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கும் வகுப்பு. ஃபைனான்ஷியல் மாடலிங் என்று பெயர். வாத்தியார் சென்னையிலிருந்து ஈ.சி.ஆர். பஸ்ஸில் வருவார். பஸ்ஸில் தூங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு பலகையில் ஒரே ஒரு வரி எழுதுவார்: ஒரு சொத்தின் விலை என்பது, அது இனிமேல் கொண்டுவரப்போகிற பணத்தின் இன்றைய மதிப்பு. கீழேயிருந்து பன் வேகிற வாசனை வரும். நாங்கள் பசியோடு எழுதிக்கொள்வோம்.

அந்த ஒரு வரி என் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பார்க்கிற எல்லாவற்றுக்கும் விலை கட்ட ஆரம்பித்தேன். எங்கள் சைக்கிளுக்குக் கட்டினேன். தெருமுனை இஸ்திரி வண்டிக்குக் கட்டினேன். தவணையில் வாங்கிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று எங்கள் கூடத்தில் இருந்தது. அம்மா தன் பழைய புடவையைக் கிழித்து அதற்கு உறை தைத்துப் போட்டிருந்தாள். அதன் முன்னால் உட்கார்ந்து, வைத்திக்குப்பத்தில் வஞ்சிரம் விற்கிற விலையை வைத்தே ஒரு மாடல் செய்தேன். வியாழக்கிழமை விலை இறங்கும் என்று அது சொன்னது. புதன்கிழமை கரைக்குக் கிளம்பின அம்மாவை நான் தடுத்துவிட்டேன். வியாழக்கிழமை கடல் கொந்தளித்துப் படகே இறங்கவில்லை. கரையில் மீனே கிடையாது. அன்றைக்குச் சோற்றுத் தட்டுக்கு முன்னால் என்னை உட்காரவைத்து அம்மா கேட்டாள்.

“உன் கம்ப்யூட்டரப் பொரிச்சி வெக்கட்டுமா?”

அப்பா சிரிக்கவில்லை. அதுதான் அவரிடம் ஒரு கஷ்டம், என்னை நம்பிவிடுவார். தான் வேலைபார்த்த பஞ்சு மில் மூடின பிறகு கைக்கு வந்த செட்டில்மென்ட் பணத்தை பேங்கில் போட்டுவிட்டு, நோணாங்குப்பம் படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர் வாழ்நாள் முழுக்க வாடகை வீடுதான். முதலியார்பேட்டையில் இருந்தோம், நெல்லித்தோப்பில் இருந்தோம், உருளையன்பேட்டையில் இருந்தோம். எல்லா வீட்டுக்காரர்களும் சொல்லிவைத்த மாதிரி ஒன்றைச் சொல்வார்கள், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அப்பா காலண்டரை ஜன்னல் கம்பியில் சணல் கயிற்றால் கட்டித் தொங்கவிடுவார். “நம்ம வீடுன்னு ஒண்ணு வந்தா, யாரையும் கேக்காம ஒரு ஆணி அடிக்கணும்டா” என்பார். விளையாட்டுக்குச் சொல்வதுபோலத்தான் சொல்வார். விளையாட்டில்லை என்று எங்களுக்குத் தெரியும்.

நாங்கள் அப்போது குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் மாடியில் இருந்தார். எல்லோரும் பிரெஞ்சு மரியாதையாக முசியே என்று கூப்பிடுவார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு, என்று கேட்டால் தெருவில் வழி சொல்வார்கள். எழுபத்திரண்டு வயது. மனைவி இல்லை. ஒரே மகள் பிரான்சில். மாசம் பிறந்தால் பென்ஷன் வரும், வந்த வேகத்தில் போகும். ஒயின், சிகரெட், ஞாயிற்றுக்கிழமை நண்பர்களுக்கு விருந்து என்று மனிதர் குறை வைக்கமாட்டார். அம்மா மீன் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் மாடிக்குப் போகும். கிண்ணம் திரும்பும்போது அதில் இரண்டு ஆரஞ்சோ ஒரு ரொட்டியோ இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கீழே இறங்கிவந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்தார்.

“எம் பொண்ணு வீட்ட வித்துட்டு அங்க வந்துடுங்கறா. குளிர்ல போய் நான் இன்னா பண்றது? இங்கயே கெடந்துட்டுப் போறேன். ஆனா எனக்கு அப்பறம் அவ இத்த எவனுக்காச்சும் வித்துத் தொலைப்பா. அவன் இடிச்சிட்டு லாட்ஜ் கட்டுவான்” என்று அப்பாவிடம் சொன்னார். “நீயே எடுத்துக்கோ.”

“நானா? எங்கிட்ட ஏது முசியே அவ்ளோ பணம்?” என்றார் அப்பா.

அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னார். வியாஜே. பிரான்சில் கிழவன் கிழவிகள் வீடு விற்கிற ஒரு முறையாம் அது.

“கையில கொஞ்சம் குடு. அப்பறம் மாசா மாசம் ஒரு தொகை குடுத்துக்கினே இரு. நான் மாடியில இருப்பேன். நான் கண்ண மூடுனா அன்னியோட நிறுத்திக்கோ, வீடு உன்னுது. நாளைக்கே போய்ட்டாலும் உன்னுது. நூறு வயசு இருந்தன்னா அது உன் தலையெழுத்து. நடுவுல நீ குடுக்கறத நிறுத்துனா குடுத்ததும் போச்சு, வீடும் போச்சு. யோசிச்சிச் சொல்லு.”

அவர் மாடிப்படி ஏறின பிறகு அப்பா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். கையில் கொடுக்கிற தொகைக்கு மில் பணம் மொத்தமும் போய்விடும். அதற்கு மேல் மாசத் தவணை. தவணை அதிகமானால் எங்களால் தாக்குப்பிடிக்க முடியாது. பாதியில் விட்டால் அப்பா இருபத்தெட்டு வருஷம் பஞ்சுத் தூசி குடித்துச் சம்பாதித்தது அத்தனையும் தண்ணீரில். சரியாக அமைந்தால் வீடு. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“நீ படிக்கிறியே, அதுல போட்டுப் பாரேன்.”

வாழ்க்கையில் முதல் தடவையாக அப்பா என்னிடம் யோசனை கேட்டார். எனக்குக் கால் தரையில் படவில்லை. கம்ப்யூட்டர் உறையை நான் உருவின வேகத்தில் அம்மாவின் தையல் பிரிந்துபோனது.

கணக்கு ரொம்ப சுலபம் என்றுதான் முதலில் பட்டது. மாசம் இவ்வளவு வீதம் இத்தனை வருஷம் கொடுத்தால் அதற்கு இன்றைய மதிப்பு என்ன, வீட்டின் இன்றைய விலை என்ன, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டியது. கடன் பத்திரத்துக்கு விலை கட்டுவதும் இதே மாதிரிதான். ஒரே ஒரு வித்தியாசம். கடன் பத்திரத்தில் முடிகிற தேதி அச்சடித்திருக்கும். முசியேவுக்கு அச்சடிக்கவில்லை.

அதற்கெல்லாம் அசருகிற ஆளா நான்? இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஒருவரைக் கெஞ்சி, எந்த வயதில் எத்தனை பேர் போவார்கள் என்று போட்டிருக்கும் ஆயுள் அட்டவணையை வாங்கினேன். அட்டவணை சொன்னதிலிருந்து சிகரெட்டுக்கு ஒரு வருஷம் கழித்தேன். ஒயினுக்குக் கொஞ்சம், பொரித்த கருவாட்டுக்குக் கொஞ்சம் கழித்தேன். காலையில் பீச்சில் நடக்கிறாரே, அதற்காக மனசு இரங்கி ஆறு மாசம் கூட்டினேன். எட்டு வருஷம் என்று வந்தது. ஒரே எண்ணை நம்பாதீர்கள், ஆயிரம் விதமாகப் போட்டுப் பாருங்கள் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். ஆகவே ஒரு பட்டனைத் தட்டினால் முசியே ஒவ்வொரு வயதில் இறப்பதுபோல ஒரு ஏற்பாடு செய்தேன். ஒரு தட்டில் எழுபத்து நான்கில் போனார். அடுத்த தட்டில் தொண்ணூற்றொன்றில் போனார். ஒரு காலை நேரத்துக்குள் அந்த மனிதரை எத்தனை ஆயிரம் தடவை சாகடித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. மாடியில் அவர் ரேடியோ கேட்டுக்கொண்டு, கூடவே சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தார்.

“எட்டு வருஷம்ப்பா. மிஞ்சிப்போனா பத்து” என்றேன் அப்பாவிடம்.

“மெதுவாச் சொல்லுடா!” என்று அப்பா பதறி மாடிப் பக்கம் பார்த்தார். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலை நிமிரவில்லை. காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நான் நினைத்தது எதுதான் சரியாக இருந்திருக்கிறது?

தவணை பேசுகிற நாள் வந்தது. இந்த வியாபாரத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. விற்கிறவர் சீக்கிரம் போய்விடுவார் என்றால் மாசத் தொகை அதிகமாக இருக்கவேண்டும், கொஞ்ச காலம்தானே கொடுக்கப்போகிறோம். ரொம்ப நாள் இருப்பார் என்றால் தொகை குறையவேண்டும். அதனால், வருஷம் பூராவும் “எனக்கு இன்னா கொறச்சல், ஒரு மாத்திரை கெடையாது” என்று மார் தட்டுகிற முசியே அன்றைக்குப் படியில் ஒரு காலை இழுத்துக்கொண்டு இறங்கினார். உட்காரும்போதே இருமினார். அந்த இருமலை அதற்கு முன்னால் நாங்கள் கேட்டதேயில்லை.

“ஒடம்பு முன்ன மாதிரி இல்லப்பா. ராவுல மூச்சு வாங்குது. ரொம்ப நாளு ஓடாது” என்றார்.

நான் விடுவேனா?

“அய்யோ, இன்னா முசியே இப்படிச் சொல்றீங்க? உங்களுக்கு இன்னா? நீங்க நூறு வருஷம் இருப்பீங்க. காலையில நடக்கறீங்களே, அந்த வேகத்துக்கு என்னால வர முடியுமா?”

“அதெல்லாம் சும்மா நடக்கறது. நெஞ்சு அடைக்குது தம்பி.”

“நூறுக்குக் கொறையாது முசியே. எழுதி வெச்சுக்குங்க!”

இப்படியாக, அவர் சீக்கிரம் போனால் லாபம் என்று கணக்குப் போட்டவன் அவருக்குத் தீர்க்காயுசு சொல்லிக்கொண்டிருந்தேன். வாழ ஆசைப்பட்டவரோ நாளைக்கே போய்விடுவேன் என்று சத்தியம் செய்யாத குறை. அப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அம்மா காபி டம்ளரோடு வந்தாள்.

“என்னடா நூறுங்கற? அன்னிக்கி அப்பாகிட்ட எட்டுன்னு சொன்ன?”

அப்பா தரையைப் பார்த்தார். முசியே காபியை வாங்கி, ஊதி, ஒரு வாய் குடித்தார்.

“எட்டா?” என்றார்.

“அது... சும்மா ஒரு... சராசரி...”

“எட்டுதானா?” என்று இன்னொரு தடவை கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து நிஜமாகவே இருமல் வந்துவிட்டது. அம்மா ஓடிப்போய்த் தலையில் தட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் முதலில் சொன்ன தொகைக்கும் அவர் சொன்ன தொகைக்கும் நடுவில் ஒன்றைச் சொன்னார். அதற்கு மேல் பேரம் பேச எனக்கு வாய் ஏது? ஒப்பந்தம் முடிந்தது. வக்கீல் வீட்டுக்குப் போய், முசியே இன்ன நோயில் போனால் என்ன, விபத்தில் போனால் என்ன, பிரான்சுக்கு மகளைப் பார்க்கப் போன இடத்தில் போனால் என்ன என்று ஒன்று விடாமல் நான் சொல்லச் சொல்ல எழுதினார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்றைக்கே அப்பா சுத்தியலை எடுத்தார். காலண்டருக்கு ஓர் ஆணி. குடைக்கு ஓர் ஆணி. சட்டைக்கு, பைக்கு, முறத்துக்கு, ஒன்றுமே இல்லாமல் சும்மா ஓர் ஆணி. மாடியிலிருந்து முசியே கத்தினார். “டேய், நான் இன்னும் சாவலடா! சொவத்த விட்டு வை!”

அதற்கப்புறம் நான் பட்ட பாட்டைச் சொன்னால் வெட்கக்கேடு. வகுப்பு முடித்த சான்றிதழை வைத்து ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு சின்ன ஆபீஸில் வேலை கிடைத்திருந்தது. வெளிநாட்டு முதலீட்டுக்காரர்களுக்கு ரிஸ்க் அறிக்கை தயாரித்துக் கொடுக்கிற இடம். அங்கே பார்க்கிற வேலையை வீட்டிலும் பார்த்தேன். முசியே தும்மினால் காதைத் தீட்டிக்கொள்வேன். படியில் நின்று மூச்சு வாங்கினால் மனசுக்குள் என் மாடலில் ஒரு கட்டம் மாறும். உடனே என்னை நானே ‘ச்சீ’ என்று சொல்லிக்கொண்டு, ஒரு கடனுக்கு, “முசியே, மாத்திரை போட்டீங்களா?” என்று கேட்பேன்.

என் மாடலைக் கெடுத்தது அம்மாதான். எங்கள் வீட்டு மனிதர்போல ஆகிவிட்ட பிறகு அவரைத் தனியாளாக விட அவளுக்கு மனசு வரவில்லை. மூன்று வேளையும் சாப்பாடு மாடிக்குப் போனது. உப்பைக் குறைத்தாள். கருவாட்டை நிறுத்தினாள். சிகரெட் பாக்கெட்டைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தாள். முசியேவின் தோல் பளபளவென்று ஆகிவிட்டது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல், “ஏம்மா, அவருக்கு ஒரு துண்டு கருவாடு குடுத்தா இன்னா?” என்று கேட்டுவிட்டேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “உன் புத்தி எங்க போவுதுன்னு எனக்குத் தெரியும். போய் வேலையப் பாரு” என்றாள்.

அப்பாவோ மாடலைப் பற்றி மறந்தே போய்விட்டார். காலையில் முசியேவோடு பீச்சுக்கு நடக்கப் போனார். லீவு நாளில் மாடியில் உட்கார்ந்து சீட்டு ஆடினார்கள். வாங்குகிறவரும் விற்கிறவரும் இப்படிக் கூட்டாளிகள் ஆகிவிட்டால் நடுவில் ரிஸ்க் பார்க்கிறவனுக்கு என்ன மரியாதை? முசியே தன் ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் படியில் நின்று என்னைக் கூப்பிடுவார். “தம்பி, இன்னும் எத்தினி பாக்கி இருக்குது? ஆறா?” அப்பா விழுந்து விழுந்து சிரிப்பார். நான் அசடு வழிவேன்.

இரண்டாயிரத்து எட்டில் அமெரிக்காவில் பெரிய பெரிய ஆட்கள் போட்ட மாடல்களெல்லாம் படுத்துவிட்டன. வீட்டுக் கடனை வைத்து விலை கட்டின பத்திரங்கள் காகிதமாகிப்போயின. எங்கள் ஆபீஸில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள். மிச்சமிருந்தவர்களுக்குச் சம்பளத்தைக் குறைத்தார்கள். நான் மிச்சத்தில் இருந்தேன். எல்லோரும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது எனக்குள் ஓர் அற்ப சந்தோஷம், கோட்டு சூட்டுப் போட்டவர்களும் என்னைப்போலத்தான் போலிருக்கிறதே என்று. நடக்கவே நடக்காது என்று எல்லோரும் ஒதுக்கிவைத்த ஒன்று நடந்துவிட்டது என்று அறிக்கைகளில் படித்துப் படித்து, அதையே நானும் இரண்டு அறிக்கைகளில் எழுதினேன். தவணையை மட்டும் எப்படியோ ஒரு மாசமும் தவறவில்லை. அப்பா தன் சம்பளத்தை அப்படியே எடுத்துக்கொண்டு மாடி ஏறிவிடுவார்.

அடுத்த வருஷம் ஒரு புதன்கிழமை, நோணாங்குப்பத்தில், காலைப் படகுக்கு டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தபோது அப்பா நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. ஐம்பத்தொன்பது வயது.

ஆபீஸுக்கு போன் வந்தபோது நான் முதலில் முசியேவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். இதை இங்கே எழுதவே கை கூசுகிறது. “பெரியவர் போயிட்டாரு” என்று போனில் சொன்னார்கள், பெரியவர் என்றால் எனக்கு மாடிதான் ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வாசலில் நாற்காலி போட்டு முசியே உட்கார்ந்திருந்தார். சட்டை போடாமல், பனியனோடு இறங்கி வந்திருந்தார். அப்பாவைக் கொண்டுவந்து கிடத்தினதும் கால்மாட்டில் போய் நின்றுகொண்டு, யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் சத்தமாக அழுதார்.

“நான்தானேடா மொதல்ல? உன் புள்ள கணக்குல நான்தானேடா மொதல்ல?”

வந்திருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போனேன். அவர் படித்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். எல்லாம் அப்பா பெயரில் மட்டும்தான் இருந்தது. வாங்குகிறவர் தவணை கொடுப்பதை நிறுத்தினால் ஒப்பந்தம் ரத்து என்று இருந்தது. வாங்குகிறவர் இறந்துவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு வரிகூட இல்லை. “முசியேவோட பொண்ணு நெனச்சா கோர்ட்டுல இழுக்கலாம். அப்பாவோட போச்சுன்னு வாதாடலாம்” என்றார் வக்கீல். “அன்னிக்கே கேட்டேனேப்பா, வாங்குறவருக்கு ஏதாச்சும் ஆயிட்டா இன்னா பண்றதுன்னு. நீதான சிரிச்ச?”

சிரித்தேன்தான். அதெல்லாம் ரொம்பத் தூரத்து ரிஸ்க் சார் என்றுகூடச் சொன்னேன். ஒருவருக்கு எழுபத்திரண்டு, இன்னொருவருக்கு ஐம்பத்தாறு, இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன். மாடியில் இருக்கிறவருக்கு ஆயிரம் விதமான சாவு எழுதிவைத்தவன், கீழே இருக்கிறவரைச் சாகாத மனிதராகவே வைத்திருந்தேன். பஞ்சுத் தூசி குடித்த நெஞ்சு என்று எனக்குத் தெரியாதா? முசியேவின் சிகரெட்டுக்கு ஒரு வருஷம் கழித்தவனுக்கு அது தோன்றவேயில்லை. அப்பா வீட்டில் இருப்பார், அவ்வளவுதான் என் கணக்கு.

அந்த மாசத் தவணையை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். வீட்டைப் பற்றி எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றேன். அவரே ஆரம்பித்தார்.

“வக்கீலு சொன்னான். புதுசா எழுதிடலாம். உங்கம்மா பேரையும் உம் பேரையும் போடு. எம் பொண்ணுகிட்ட நான் பேசிட்டேன், அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. ஆனா இந்த வாட்டி யாரு முன்ன போனா இன்னான்னு எல்லாத்தையும் சரியா யோசிச்சி எழுது. தொகையும் எவ்ளோன்னு நீயே கணக்கு போட்டுக்கினு வா.”

தவணைப் பணத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். பழைய மாடல் அப்படியே இருந்தது. முசியேவின் வயதை மாற்றினேன். இப்போது இரண்டு பக்கமும் ஆயுள் வேண்டும், முறைப்படி அப்படித்தான் போடவேண்டும். புதிதாக ஒரு வரிசை சேர்த்து, அம்மா என்று தட்டச்சு செய்தேன். வயது ஐம்பத்து நான்கு. அடுத்த கட்டத்தில், இன்னும் எத்தனை வருஷம் என்று போடவேண்டும். அட்டவணை பக்கத்திலேயே இருந்தது. பார்த்து ஓர் எண்ணைத் தட்டவேண்டியதுதான்.

கை போகவில்லை. அவளுக்கு இருக்கிற சர்க்கரை வியாதிக்கு எவ்வளவு கழிப்பது? அப்பா போன பிறகு சரியாகச் சாப்பிடுவதில்லையே, அதற்கு எவ்வளவு? அடுப்படியில் அவள் முசியேவின் குழம்பில் உப்பு பார்த்துக்கொண்டிருந்தாள். “இன்னாடா, அத்தத் தொறந்து வெச்சிக்கினு சும்மா உக்காந்துக்கினு இருக்க?” என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரை நிறுத்தினேன். என்ன பெரிய ரிஸ்க் அனலிஸ்ட்! ஒரு கட்டத்தில் ஓர் எண் போடத் துப்பில்லை. வாத்தியார் பார்த்திருந்தால் கட்டின ஃபீஸைத் திருப்பிக் கொடுத்திருப்பார்.

கணக்கு எதுவும் இல்லாமல் வெறுங்கையோடுதான் வக்கீலிடம் போனோம். அம்மா, முசியே, நான். தொகை பழைய தொகையே இருக்கட்டும் என்றேன். முசியே தலையாட்டினார். வக்கீல் பேனாவைத் திறந்தார்.

“பணம் கட்டற பொறுப்பு யாரு பேர்ல? யாரு இருக்கற வரைக்கும் இது செல்லும்? இந்த வாட்டி தெளிவாச் சொல்லிடுப்பா.”

நான் இதை மட்டும் வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். கடகடவென்று சொன்னேன்.

“எங்க வீட்ல அப்பா, அம்மா, நான், மூணு பேர்ல யாராச்சும் ஒருத்தர் இருக்கற வரைக்கும் செல்லும்னு எழுதுங்க சார்.”

வக்கீல் எழுதவில்லை, என்னையே பார்த்தார். முசியே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மாதான் என் கையைப் பிடித்தாள்.

“ரெண்டு பேருடா” என்றாள்.